கஸ்பர் நிறுத்தாமல் பாடிய சனிக்கிழமை

எண்பத்து மூன்றில் ரொறன்ரோ வந்த கஸ்பர், ஸ்காபரோ மதுச்சாலை ஒன்றில் கோப்பை கழுவினான். இரண்டே வருடத்தில் அதே மதுச்சாலையின் மேடையில், அகலத் தொப்பியும் கிற்றாருமாக, அமெரிக்க மாட்டுக்காரரின் கன்ட்ரி பாட்டுப் பாடினான். அவன் சோகப் பாட்டை எடுத்தால், ஒருவரும் வாய் வைக்காமலே கிளாஸ்களில் பியர் இறங்கும். ஒரு லொறிச் சாரதி பாட்டின் நடுவிலேயே எழுந்து, மூன்றாவது மனைவியை விட்டு முதலாவது மனைவியிடம் போய்விட்டான். இரண்டாவது மனைவி கஸ்பர் மீது வழக்குப் போட்டாள்.

எண்பத்தேழில் ஒரு சனிக்கிழமை. பின்னேரக் கச்சேரிக்கு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வருவதாக இருந்தது. கஸ்பருக்கு அது மனதில் இல்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்தாள். தங்கை பேர்ணடெற்றின் போனுக்கு மூன்று நாளாகக் காத்திருந்தான்.

"போன் வந்ததோ?" என்று அறைத்தோழன் சூசைதாசனைக் கேட்டான்.

"இல்லையடா. நீ புட்டைத் தின்."

சூசைதாசன் தன் மீன்துண்டையும் எடுத்து அவன் புட்டுக் கோப்பையில் வைத்தான். அதைக் கவனிக்காமலே கஸ்பர் தின்றான்.

மேடையேறிப் பார்த்தால் முன்வரிசையில் அறைத்தோழர்கள் நான்கு பேரும். வழக்கமாகக் கடைசி மேசையில் இருந்து, "டேய் மாட்டுக்காரா, மாடு எங்கையடா?" என்று கத்துகிறவர்கள். இன்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களில் இராசதுரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

கஸ்பருக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் அறையில் ஒருவனுக்குத் துக்கச் செய்தி வந்தால், ஆள் சாப்பிட்டு, வேலையும் முடிக்கும்வரை சொல்லமாட்டார்கள். போன வருடம் இராசதுரையின் தகப்பன் செத்தபோது, ஷிப்ட் முடியும்வரை அதை அவனிடம் மறைத்து வைத்திருந்தவனே கஸ்பர்தான்.

வேலை முடிந்தால்தானே சொல்வார்கள்?

ஆறு பாட்டோடு நிறுத்தாமல் பதினாறையும் தாண்டிப் பாடினான். கம்பெனிக்காரர் கைதட்டினார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு போய்விட்டார். கிற்றாரில் ஐந்து தந்தி அறுந்தது. மிஞ்சிய ஒன்றோடு இருபத்து மூன்றாவது பாட்டுக்குப் போனான். முதலாளி மைக்கை நிறுத்தினார். வெறுங்குரலில் பாடினான். குரலும் கரகரத்து, காற்று மட்டும் வந்தது.

சூசைதாசன் ஒரு கிளாஸ் தண்ணீரோடு மேடைக்கு ஏறினான்.

"பாடினது காணும் மச்சான். முதல் இதைக் குடி."

"குடிச்சாச் சொல்லுவியோ?"

சூசைதாசன் நிலத்தைப் பார்த்தான். "ஓம்."

கஸ்பர் கிளாஸை வாங்கினான். மதுச்சாலையில் விளக்கணைத்துக் கதிரைகளைக் கவிழ்த்து வைத்த பிறகும், அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.