மைக்கில் சொன்ன ஓம்

“அம்மாக்கு வருத்தம் போயிற்றா, தங்கச்சி?”

ஆறு வாரத்துக்கு முன் சுகமளிக்கும் கூட்டத்தில் பாஸ்டர் பவிதரன் அம்மாவின் நோய்க்காக ஜெபித்துவிட்டு அப்படிக் கேட்டு மைக்கை நீட்டினார். கீபோர்ட் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். முன்னூறு பேர் பார்த்திருந்தார்கள். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் வினோஜாவுக்கு அந்த மைக் தன்னைவிட்டுப் போனால் போதுமென்றிருந்தது.

“ஓம்” என்று தலையாட்டினாள்.

மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. மறுநாள் அந்த வீடியோ பேஸ்புக்கில் ஏறியது. அம்மா செல்லத்தங்கம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இருதயத்துக்கு நாளும் விழுங்கிவந்த குளிசையை அதோடு விட்டாள்.

“நீயே சொல்லிப்போட்டாய்தானே மகள், பிறகென்னத்துக்குக் குளிசை?”

இப்போது அம்மா சவப்பெட்டிக்குள் கிடந்தாள். கால்மாட்டில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த வினோஜாவுக்குக் குனிந்து குனிந்தே பிடரி கடுத்தது. எதிரே தாங்கியில் மரணவீட்டை நேரடியாகக் காட்டிக்கொண்டு நின்ற போனிலிருந்து கனடாச் சின்னம்மா சத்தம் போட்டாள்.

“தள்ளி இரடி! உன்ட கொண்டயப் பாக்கவா நாங்க முழிச்சிருக்கிறம்? அக்காட முகம் தெரியுதில்ல!”

வினோஜா கதிரையை நகர்த்தினாள்.

மருதமுனையிலிருந்து வந்த ஸுஹைறா அருகில் பாயில் இருந்தாள். கல்முனைக் கிளினிக் வரிசையில் மாதாமாதம் அம்மாவோடு நின்றவள்.

“இந்த மாசம் தங்கமக்காவக் காணல்லயே எண்டு யோசிச்சன் புள்ள. பிறகு உன்ட வீடியோவப் பாத்துட்டு, சுகமாகிட்டாவாக்கும் எண்டு நானும் விட்டுட்டன்.”

வினோஜா எழுந்துபோய், ஜெபம் நடத்த வந்திருந்த பாஸ்டரின் அருகில் நின்றாள்.

“அந்த வீடியோவ அழிச்சிருங்க பாஸ்டர்.”

“ஏன் தங்கச்சி? எத்தின சனம் அதால விசுவாசத்துக்கு வந்திருக்கு. நேத்தும் டோஹாவில இருந்து ஒராள் அழுது எழுதியிருந்தார்.”

“நான் பொய் சொன்னன். அம்மாக்கு அண்டைக்கும் மூச்சு முட்டினது.”

பாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

“அத இந்தச் சனத்திட்ட எப்பிடிச் சொல்லுற?” என்றார் மெல்ல. “அம்மா இப்ப கர்த்தரிட்ட சுகமாத்தானே இருக்கிறா. அத மட்டும் மைக்கில கேக்கிறன். ஓம் எண்டு மட்டும் சொன்னாக் காணும்.”

அவள் திரும்பிவந்து கதிரையில் இருந்தாள். ஜெபம் முடிந்தது. கீபோர்ட் நின்றது.

“அம்மா இப்ப சுகமா இருக்கிறாதானே, தங்கச்சி?”

மைக் வாய்க்கு முன்னால் வந்தது. யாரோ போனையும் அவள் பக்கம் திருப்பினார்கள். வீடு முழுக்க அவளைப் பார்த்தது.

வினோஜா எழுந்தாள். ஸுஹைறா முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். செருப்பைத் தேடாமல் முற்றத்து மணலில் இறங்கி, கூடாரத்து நிழல் முடிந்த இடத்திலும் நிற்காமல், படலையைத் திறந்துகொண்டு போனாள்.

போன் அவளுடைய வெறும் கதிரையைக் காட்டிக்கொண்டிருந்தது.