வீட்டுக்காரர் என்ற சுட்டி

1.

இந்தக் கதை என் நிரலில் நேர்ந்த ஒரு பிழையில் பிறந்தது. ஒருவர் இறந்துவிட்டதாகக் குறிக்க எழுதினேன். உயிரோடிருக்கும் இன்னொருவர் இறந்தவராகிவிட்டார். நிரலைக் கணினிக்கேற்ப மாற்றும் கம்பைலர் முணுமுணுக்கக்கூட இல்லை. நிரலில் சுட்டி, அதாவது பாயிண்டர், ஆளை வைத்திருப்பதில்லை, ஆள் இருக்கும் முகவரியை வைத்திருக்கும். அங்கே ஓர் ஆள் உண்டா என்று கம்பைலர் பார்க்கும். எந்த ஆள் என்று பார்க்காது. ரோசலினை எழுதத் தொடங்கினேன்.

2.

ஜங்லிகாட், தமிழும் இந்தியும் புழங்கும் தீவு ஊர், 1972. அன்று கடல் [வேண்டாம். கடலை விடு.]

ரோசலின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கணவன் பிரகாசம் வேறொரு தீவில், ஹட் பேயில், தச்சுவேலையில் இருந்தான். அங்கிருந்து கப்பலில் வந்த கடைக்காரர் அப்துல் கனி வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க பாய்."

"இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் போயிட்டாரு. படகு கவுந்துருச்சு."

ரோசலின் கழுவிய மீனையே மறுபடி கழுவினாள். தலையைக் கழுவினாள், வாலைக் கழுவினாள்.

"அவரு படகுல ஏறமாட்டாரே பாய். வாந்தி வரும்னு கரையிலயே நிப்பாரு."

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்."

கனி தலையில் கைவைத்துக்கொண்டார். "அல்லாவே. பிரகாசம் இல்லம்மா. மக்கான் மாலிக். அல்போன்ஸு."

(முதலிலேயே இந்தியில் சொல்லியிருக்கலாம். தமிழில் கணவரும் வீட்டுச் சொந்தக்காரரும் ஒரே சொல். வாடகை வீட்டுப் பெண்ணுக்கு அது இரண்டு பேர்.)

3.

"மாதாவே, நன்றி" என்றது ரோசலினின் வாய். உடனே அதைப் பொத்திக்கொண்டாள்.

(நிரலில் வெறும் எண்ணுக்கு முகவரி கிடையாது, ஒரு பெயருக்குள் வைத்தால்தான் சுட்ட முடியும். கனி பெயர் சொன்னதும் இந்தச் சாவுக்கும் முகவரி வந்துவிட்டது: சிப்பிகாட், அல்போன்ஸின் மனைவி கிரேசி.)

"கிரேசிம்மாகிட்ட நான் ஒருத்தனாப் போயி எப்டி சொல்ல? நீங்களும் கூட, சாத்ல வந்தா..."

"வாரேன் பாய்."

ரோசலினைக் குற்றவாளியாக்கி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். புருஷன் பிழைத்ததற்கு மகிழ்ந்தவளை ஆண்டவர்கூடக் குற்றம் [போதும். விடு.]

4.

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் முடிவில் கனியே சொல்லிவிடுகிறார். அது என் கோழைத்தனம். இரண்டாவதில் கிரேசிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அது எனக்குத்தான் வசதி.

மூன்றாவதில் கிரேசி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறாள். ஹட் பேயிலிருந்து வந்த கனியைப் பார்க்கிறாள். ரோசலினின் அழுத கண்ணைப் பார்க்கிறாள். தீனிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருகிறாள்.

"என்னடி, பிரகாசம் அண்ணனுக்கு ஏதாச்சுமா? அழாத. நான் இருக்கேன்ல. எங்க வீட்டுக்காரர் வரட்டும், எல்லாம் பாத்துக்குவாரு."

முந்தானையால் ரோசலினின் முகத்தைத் துடைக்கிறாள்.

ரோசலின் வாயைத் திறக்கிறாள். அந்த முதல் சொல்லை என்னால் எழுத முடியவில்லை. கிரேசி இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறாள். வாசிக்கும் நீங்கள் அவளிடம் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.