கடமலைக்குண்டு டிரம்

திராட்சைக் கொடியோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவன் நான். அந்தத் திமிரில்தான் 2004-ல் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போடக் கிளம்பினேன். கொடி வெட்டும் கவாத்து முதல் அறுவடை வரை எழுதி, உத்தமபாளையம் அச்சகத்தில் டைப் அடிக்கக் கொடுத்து, ராயப்பன்பட்டித் திருவிழாக் கூட்டத்தில் வெளியிடப் போவதாக ஊரெல்லாம் சொல்லியும் விட்டேன். அட்டையில் 'வைகுண்டராஜ்' என்று என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

என் மனைவி ஜெபா மட்டும், "வேற ஒரு ஆள் படிச்சுப் பார்க்கட்டும்ங்க" என்றாள். மூன்று தடவை படித்தாயிற்று, ஒரு புள்ளிகூடத் தப்பில்லை என்று எகிறினேன். அவள் காதில் வாங்கவில்லை. எங்களிடம் நடவுக் குச்சி வாங்கிப்போய்க் கடமலைக்குண்டில் முதல் தடவையாகத் திராட்சை போட்டிருந்த அக்கம்மாளிடம் புரூஃப் தாள்களைக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டு நாள் ஆளையே காணோம். அச்சகத்திலிருந்து போன் மேல் போன். எனக்கு எரிச்சலான எரிச்சல். பதின்மூன்றாம் நாள் அக்கம்மாள் வந்தாள், கையில் தாள்களோடு ஒரு கருகிய இலை.

"அண்ணே, மருந்து நீங்க எழுதுன மாதிரிதான் கலந்தேன். ஒரு வரிசைக்கு மட்டும் அடிச்சுப் பார்த்தேன். மூணே நாள்ல இப்படி ஆயிருச்சு."

"கண்ணை மூடிக்கிட்டுக் கலந்திருப்ப! ஒரு டிரம் தண்ணிக்கு ரெண்டு கிலோ மயில்துத்தம், ரெண்டு கிலோ சுண்ணாம்பு. எங்கப்பா காலத்துக் கணக்கு ஆத்தா!"

"வந்து பாருங்கண்ணே" என்றாள், அவ்வளவுதான். அவள் செய்த தப்பை அவளுக்கே காட்டிவிட்டு நேரே அச்சகத்துக்குப் போய்விடலாம் என்றுதான் தாள்களோடு பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் ஒரு வரிசை முழுக்கத் தீய்ந்து நின்றது. கிணற்றடியில் டிரம். அது என் இடுப்புக்குக்கூட வரவில்லை.

"இதா டிரம்மு?"

"இங்கன எல்லாரும் வச்சிருக்கது இதுதான்ணே. நூறு லிட்டர்."

எங்கள் பக்கம் டிரம் என்றால் இருநூறு லிட்டர். வேறு அளவில் நான் பார்த்ததே இல்லை, அதனால் லிட்டர் கணக்கு எழுதத் தோன்றவும் இல்லை. புத்தகத்தில் நாற்பத்தோரு இடத்தில் டிரம் என்றே இருந்தது. ஐந்நூறு பிரதியும் போயிருந்தால் எத்தனை தோட்டம் கருகியிருக்கும்!

"மன்னிச்சிரு தாயி. உன் கொடியக் கெடுத்துட்டேன்."

"வேரு நல்லாத்தான்ணே இருக்கு. வெட்டி விட்டிருக்கேன், தழையும். இன்னும் இருபது பக்கம் செஞ்சு பார்க்கல. தாளைக் குடுங்க, நானே வச்சுக்கிறேன்."

அச்சகத்தை நிறுத்தச் சொன்னேன். திருவிழா வந்து போனது. "புத்தகம் எங்கய்யா?" என்றவர்களிடம் "கடமலைக்குண்டுல இருக்கு" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் மாதம் அக்கம்மாள் வந்தாள். தாள் முழுக்கப் பென்சில் கோடும் மருந்துக் கறையும். அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை இலை.

"அந்த வரிசையும் பந்தல் ஏறிருச்சுண்ணே. எல்லாப் பக்கமும் செஞ்சு பார்த்தாச்சு. இனி அச்சுக்குக் குடுங்க."

நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"இரு ஆத்தா, ஒரு தடவ படிச்சுக்கிறேன்."

அடுப்படியிலிருந்து ஜெபா சிரிப்பது கேட்டது.