பெட்டியில் இருநூற்றுப் பதினான்கு

...அப்படியானால் வெள்ளி முள்ளாமையும் எனக்குத்தான், என்று நினைத்தது உண்மை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, எட்டாயிரத்தில் ஒன்றுக்குத்தான் அந்த நிறம் வரும், ஆறு வருடமாக இந்த ஜந்து பிடிக்கும் போன் விளையாட்டில் புல்லுக்குள் நடந்து நடந்து என் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம், இப்போது ஒருவர் சும்மா தூக்கிக் கொடுக்கிறார், பத்துப் பத்தாகப் பரிசு அனுப்புகிறார், காலை எட்டரையிலிருந்து போன் கைக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, புகைப்பூனை, கல்நத்தை, இரட்டைவால் தவளை, பிறகு அது, வெள்ளி, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே விட்டேன். ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை. 'இன்னும் இருக்கா' என்றுதான் கேட்டேன். குளிர்க் கிடங்கில் பத்து மணி நேரம் பெட்டிகளை ஸ்கேன் செய்துவிட்டு வந்தவன், ஜன்னலில் அட்டை ஒட்டி அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்தவன், தூங்கியிருக்க வேண்டியவன், பேயாகப் பறந்து அள்ளிக்கொண்டிருந்தேன்.

மணி பத்து. இருநூற்றுப் பதினான்கு. விளையாட்டில் என் பெட்டி நிறைந்துவிட்டது, இடம் பண்ணுவதற்காக என்னுடைய பழைய ஜந்துகளைத் தள்ளிவிட்டுக்கொண்டே வரும்போதுதான் பெயர்களைப் பார்த்தேன். பிடிக்கிற ஒவ்வொரு ஜந்துக்கும் நாமே ஒரு பெயர் வைக்கலாம், பலர் வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை. இவர் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார். 'மழை வந்த புதன்'. 'பல் பிடுங்கிய நாள்'. 'கடைக்காரர் சிரித்தார்'. பிடித்த தேதியும் கீழேயே இருக்கிறது, பொய் சொல்ல வழியில்லை. 'யாரும் பேசலை'. 'யாரும் பேசலை 2'. 'மாத்திரை மாற்றினர்'. இது வேட்டைப் பட்டியல் இல்லையே, ஏழு மாதமாக ஒருவர் நாளுக்கு ஒரு ஜந்தைப் பிடித்து அந்த நாளை அதன் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறார், இப்போது அத்தனை நாளும் என் பெட்டியில் கிடக்கிறது. கடைசிப் பத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பத்துக்கும் ஒரே பெயர். 'சரி'. சரி, சரி, சரி, சரி... காலில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது, போர்வையை உதறினேன், ஒன்றும் இல்லை.

உப்புக்கல் என்பதுதான் அவர் ரசிகர் குழுவில் வைத்திருக்கும் பெயர். ஆணா பெண்ணா தெரியாது. என்னை அண்ணா என்பார். அந்தக் குழுவில் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற ஆள் நான், பொறியியல் இரண்டாம் வருடத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதாமல் வெளியே வந்தவனுக்கு அங்கே ஒரு மரியாதை. கூட்டுக்குள் போன ஜந்து சுருங்குகிறதா அல்லது ஒளியாக மாறுகிறதா, சத்திரத்தில் பரிமாறும் இறைச்சி எந்த ஜந்தினுடையது, கதாநாயகனின் அப்பா எங்கே போனார், அவரே முகமூடித் திருடன் என்பது உண்மையா, இப்படி நாளுக்கு முப்பது வரும், முப்பதுக்கும் ஆதாரத்தோடு எழுதுவேன். உப்புக்கல் மட்டும் குழுவில் கேட்க மாட்டார், தனியாக அனுப்புவார், என் ஷிப்ட் முடிகிற ஆறரை மணிக்குச் சரியாக ஒரு கேள்வி. பேருந்தில் அதைப் படித்துக்கொண்டே வருவேன். முதல் மாதம், 'முள்ளாமை எத்தனை வருஷம் உயிரோட இருக்கும் அண்ணா?' அடுத்து, 'பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு நேரம் போறது தெரியுமா?' பிறகு, 'சொந்தக்காரங்க வரவே இல்லன்னா, அதுங்க எவ்வளவு நாள் எதிர்பார்க்கும்?' போன வாரம், 'சண்டையில தோத்தா மயங்கிதான் விழுது. யாருமே சாகறதில்ல. அது ஏன்?' நான் என்ன எழுதினேன்? சிறுவர்களுக்கான விளையாட்டு, தணிக்கை, விற்பனை, மூன்று பத்தி. கடைசியில் ஒரு சிரிப்பு முகம் வேறு போட்டேன். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். வரிசையாக வைத்துப் பார்க்கத்தான் எனக்கு நேரமில்லை, பதில் சொல்ல மட்டும் நேரம் இருந்தது.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. கிடங்கில் சரக்குத் தள்ளும் வண்டி ஓட்டியவரை வாத்தியார் என்போம், எல்லாவற்றுக்கும் திருத்தம் சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை தன் குளிர்ச் சட்டையை ஒருவனுக்குக் கொடுத்தார், சுடுதண்ணீர்க் குடுவையைக் காவலாளிக்கு, கையுறையை எனக்கு. "பிடிடா, உன்னோடது ஓட்டையா இருக்கு பாரு, விரல் விறைச்சு உதிர்ந்துடும், அப்புறம் எதை வெச்சு மூக்கு நோண்டுவே?" என்றார். சிரித்தேன். நல்ல தோல், உள்ளே கம்பளி. ஊர் மாறிப் போகிறார் போல என்று பேசிக்கொண்டோம். அவர் எங்கே போனார் என்பது பன்னிரண்டு நாள் கழித்துத் தெரிந்தது, அவர் வீட்டுக் கதவை உடைத்த பிறகு. ஆறு பேர், ஆறு பேரும் வாங்கினோம், ஒருவன்கூட ஏன் என்று கேட்கவில்லை. கையுறையைத் தூக்கிப் போட்டேனா? இல்லை, நேற்றுகூடக் கையில் மாட்டியிருந்தேன், குளிருக்குச் சூடு சொரணை கிடையாது, எனக்கும்.

கதவைத் தட்டாமல் அக்கா உள்ளே வந்தாள். அவள் வீட்டில்தான் இந்த அறை, அவள் பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுக்கிறவள், வாயில் நூல் இருந்தது. "இன்னும் தூங்கலையா நீ? கண்ணைப் பாரு, மிளகாய்ப்பழம் மாதிரி. எதை வெச்சு நோண்டிக்கிட்டு இருக்கே?" சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் தானாகச் சொன்னது. அவள் நூலைத் துப்பிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்தாள், உதடு அசைந்தது. "யாருடா இது?"

"தெரியாது."

"ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியாதுக்கா."

"ஏழு மாசம் தினமும் பேசியிருக்கே. ரயில்ல எதிர் சீட்டுல உக்காந்தவன்கூட எறங்கறதுக்குள்ள பொண்ணு எடுத்த வீடு வரைக்கும் சொல்லிட்டுப் போவான். நீ ஆமைக்கு எத்தனை பல்லுன்னு பாடம் எடுத்துக்கிட்டு இருந்திருக்கே."

"ஆமைக்குப் பல் கிடையாது."

"அறைஞ்சேன்னா உனக்கும் கிடையாது. கேளுடா. நேராக் கேளு. சுத்தி வளைக்காதே."

நேராக என்றால் எப்படி, அந்தச் சொல்லை எழுதினால் அதுவே அதைக் கூப்பிட்டதுபோல் ஆகிவிடாதா, மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன், குழுவை நடத்துகிறவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன், அவர் இருக்கிற நாட்டில் இப்போது நள்ளிரவு, எழுந்தாலும் அவரிடம் இருப்பது ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும்தான். அதற்குள் உப்புக்கல்லிடமிருந்தே வந்தது. 'எல்லாம் வந்துச்சா அண்ணா? ஒண்ணு மட்டும் மிச்சம். அனுப்பவும் விட மாட்டேங்குது, விடுவிக்கவும் விட மாட்டேங்குது. கடைசி ஒண்ணு மட்டும் ஏன் போக மாட்டேங்குது?'

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். கையில் ஒரு ஜந்தாவது இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது, தாண்டினால் விளையாட்டு உறைந்து நின்றுவிடும், ஆகவே அதை உருவாக்கியவர்கள் அந்தக் கடைசி ஒன்றைப் பூட்டி வைத்தார்கள், அன்பும் இல்லை அர்த்தமும் இல்லை, சோம்பேறித்தனம். இதைத்தான் எழுதப் போனேன், விரல் பாதி எழுதியும்விட்டது, அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பூட்டை உடைக்கிற வழியைக் கண்டுபிடித்ததே நான்தான். இரண்டு வருடத்துக்கு முன், படகுப் பயணத்தில் சரியான நொடியில் செய்கிற ஒரு தில்லுமுல்லு, 'கடைசி ஒன்றையும் காலி செய்வது எப்படி' என்று தலைப்புப் போட்டு, படம் படமாக, நாற்பதாயிரம் பேர் படித்தது, என் வாழ்க்கையில் நான் செய்து முடித்த ஒரே காரியம் என்று அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். தேடினால் முதலில் அதுதான் வரும். ஒரு பொம்மை ஜந்து போனால் என்ன, இருந்தால் என்ன, எனக்குத் தெரியாதா... தெரியும், ஆனால் இன்று இவருக்கு என்ன கணக்கு என்று தெரியாதே, அதுவும் போய்விட்டால் எல்லாம் முடித்தாயிற்று என்று எழுந்து நடந்துவிட்டால்? அழித்தேன். அந்தப் பதிவையே. நிச்சயமாகவா என்று கேட்டது, நிச்சயமாக. எழுபது பேர் எழுதியிருந்த பாராட்டும் சேர்ந்து போயிற்று.

'படகை வெச்சு ஏதோ பண்ணலாம்னு நீங்க முன்னாடி எழுதினது ஞாபகம். தேடினேன், காணோம்.'

'அது தப்பு. அப்படி ஒரு வழி இல்லை' என்று எழுதினேன். அந்தக் குழுவில் ஒருவரிடம் நான் சொன்ன முதல் பொய். அக்கா என் தோளில் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தாள், கேளு, கேளு. எழுதினேன். 'சாகப் போறீங்களா?'

எழுதுகிறார் என்று காட்டும் மூன்று புள்ளிகள் வந்தன, நின்றன, வந்தன. அக்கா மூச்சு விடுவது கேட்டது. வெளியே எவனோ பழைய இரும்பை வண்டியில் கொட்டினான். புள்ளிகள் நின்றுவிட்டன, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், கேட்டிருக்கக் கூடாதோ, கேட்டே ஆகவேண்டும் என்றாளே, இவளுக்கு என்ன தெரியும், காஜா எடுக்கிறவள், எனக்கு மட்டும் என்ன தெரியும், பிறகு வந்தது. 'அப்படிக் கேக்காதீங்க அண்ணா.' இல்லை என்று சொல்லவில்லை. அக்காவும் அதைத்தான் கவனித்தாள், "இல்லன்னு சொல்லல பாத்தியா" என்று கிசுகிசுத்துவிட்டு எழுந்து ஓடி அவள் போனை எடுத்து ஏதோ உதவி எண்ணைத் தேட ஆரம்பித்தாள். நான் என் நம்பரை அனுப்பினேன். 'எழுதினா எனக்குப் புரியாது. கூப்பிடுங்க. இப்பவே.' எதுவும் வரவில்லை. ஐந்து நிமிடம். எட்டு. இந்த உலகத்தில் அவரை அடைய எனக்கு இருக்கிற ஒரே சந்து ஒரு ரசிகர் குழுவின் செய்திப் பெட்டிதான், அவருடைய இருநூற்றுப் பதினான்கு நாளும் என்னிடம், அவருக்கு நான் என்ன கொடுத்தேன், ஆதாரத்தோடு மூன்று மூன்று பத்தி...

போன் அடித்தது. எடுத்தேன். "ஹலோ" என்றேன், குரல் உடைந்து வந்தது, பேசிப் பழக்கமில்லை, கிடங்கில் ஸ்கேனர்தான் பேசும். அந்தப் பக்கம் மின்விசிறியின் கடகடப்பு. பிறகு ஒரு பெண்குரல், வயதான குரல், அம்மா இருந்திருந்தால் ஏறக்குறைய அந்த வயதில் இருந்திருப்பாள், கொஞ்சம் மூச்சிரைத்தது.

"ஐயோ, சின்னப் பையன் குரலா இருக்கே. நான் அண்ணா அண்ணான்னு... மரியாதைக்குத்தான் சொன்னேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா."

"பரிசெல்லாம் பத்திரமா வந்துச்சுல்ல? ஒண்ணும் விட்டுப் போகலையே? அந்த வெள்ளி ஆமை கொஞ்சம் முரடு, முதல்ல சொல்பேச்சு கேக்காது, ரெண்டு நாள் கூடவே கூட்டிக்கிட்டு நடங்க."

"வந்துடுச்சும்மா." அக்கா மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கிறுக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். எந்த ஊர், தனியாவா இருக்காங்க, பேச்சை விடாதே. பேச்சை விடாதே என்பதற்குக் கீழே இரண்டு கோடு. எந்த ஊரும்மா என்றேன். அதை அவர் காதில் வாங்கவே இல்லை, அல்லது வாங்கிக்கொண்டு கீழே வைத்துவிட்டார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று என்றார், கேட்காமலே. பக்கத்து வீட்டுப் பூனைக்குச் சோறு வைத்தாயிற்று. பால்காரரிடம் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு சின்ன நிம்மதி குரலில் வருகிறது, சாமானை எடுத்து அடுக்கி வைப்பதுபோல. நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அக்கா வெளியே போய் அவள் போனில் யாரிடமோ அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தாள், என் காது சுட்டது.

"சரி தம்பி," என்றார். அந்தச் சொல். "ராத்திரி முழுக்க வேலை பார்த்துட்டு வந்தவர், என்னால உங்களுக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு. போனை வெச்சுட்டு நல்லாத் தூங்குங்க. நீங்க தூங்கினாத்தான் எனக்கு நிம்மதி."

அக்கறையான குரல். உண்மையான அக்கறை, நடிப்பில்லை. பாத்திரம், பூனை, பால்காரர், அடுத்து நான், பட்டியலில் இன்னும் முடியாமல் இருப்பது நான் ஒருவன்தான் போலிருக்கிறது, என்னையும் தூங்கவைத்துவிட்டால்... அப்படியென்றால் தூங்காமல் இருக்கிறவரைக்கும்... இது சரியா தப்பா, எத்தனை மணி நேரம் முடியும், இருபது மணி நேரமாக மூடாத கண், இமைக்குள் மணல் கொட்டியதுபோல் இருந்தது, தலையணை கையெட்டும் தூரத்தில் கிடந்தது.

"எனக்குத் தூக்கம் வரலம்மா," என்றேன்.

அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் கடகடத்தது. அவர் போனை வைக்கவில்லை.