குருத்து ஈக்கு வைத்த பொறி

என் வீட்டுக்காரர் ஜவஹருக்கு ரிடையர் ஆனபிறகு சர்க்கரை வந்தது, சர்க்கரையின் பின்னாலேயே சோளமும் வந்தது. அரிசியைக் குறைக்கச் சொன்ன டாக்டர் அதோடு நிறுத்தியிருக்கலாம். சோளம் சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மயிலாப்பூர் அடுக்ககத்தில் லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம்தான். நெல்லுக்கு ஏரித் தண்ணீர் வேண்டும், சோளம் நாலு மழையில் விளைந்துவிடும். கதிர் மனுஷனுக்கு, தட்டை மாட்டுக்கு. மழை ஏமாற்றுகிற வருஷத்தில் நமக்குச் சோறு போடப்போவது அதுதான். விஷயம் சரிதான், நான் மறுக்கவில்லை. காய்கறிப் பையோடு மூன்றாம் மாடிக்குப் போகிறவளுக்கு இதையெல்லாம் கேட்க என்ன தலையெழுத்து என்பதுதான் என் கேள்வி.

மொட்டை மாடியில் பைகளில் மண் நிரப்பி வெள்ளைச் சோளம் விதைத்தார். நன்றாகத்தான் முளைத்தது. பிறகு ஒவ்வொன்றாக நடுக்குருத்து மட்டும் வாடிக் காய்ந்தது. இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் அழுகல் நாற்றம். குருத்து ஈயின் வேலை என்று கண்டுபிடித்தார். இலைக்கு அடியில் முட்டையிடுமாம், புழு உள்ளே இறங்கிக் குருத்தை அறுத்துவிடுமாம். "நேக்கு இது பொழுதுபோக்கு. இதையே நம்பி நிலம் பூரா விதைச்சிருக்கறவன் என்ன பண்ணுவான் ஸ்வர்ணம்?" என்று கேட்டுவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுபடி விதைத்தார். மருந்து அடிக்க மனமில்லை, எல்லார் வீட்டு வடாமும் அந்த மாடியில்தான் காய்கிறது. ஒரு சாயங்காலம் சட்னி அரைக்க மிக்ஸி ஜாரைத் திறந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"என்னத்தை அரைச்சேள் இதுல?"

"மெதுவாப் பேசு. கருவாடு. அந்த வாசனைக்குத்தான் குருத்து ஈ தேடிண்டு வரும். டப்பாவுல ஓட்டை போட்டு, பொடியை நனைச்சு உள்ள வெச்சுட்டா மாட்டிக்கும். விவசாயக் காலேஜ்காராளே சொல்றா."

"கருவாடா? நம்மாத்துலயா?"

"பயிர் ஒரு மாசம் தாண்டற வரைக்கும்தான். அப்புறம் அந்த ஈயால ஒண்ணும் பண்ண முடியாது."

ஈயைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இவர்தான் செயலாளர். வாசலில் 'சைவக் குடும்பங்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டியவரும் இவர்தான். காலியாக இருந்த வீட்டைக் கேட்டு ஷம்ஷாத் என்று ஒரு டீச்சர் வந்தபோது, காபி கொடுத்து, "பழக்கவழக்கம் ஒத்துவராதும்மா" என்று சிரித்த முகமாக அனுப்பிவைத்தவரும் இவரேதான். நான் ஜாரைக் குப்பையில் போட்டேன், வாயையும் மூடிக்கொண்டேன்.

மழை பிடித்ததும் டப்பா ஊறி நாற்றம் படியிறங்கி வந்தது. மூன்றாம் மாடி ஷண்முகப்ரியா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"பூஜை ரூம்ல உக்கார முடியலை மாமா. கருவாட்டு நாத்தம். வாட்ச்மேன் ரூமைத் தவிர வேற எங்கேருந்து வரும்? ரூல் போட்டது நீங்க. வாங்கோ, போய்ப் பாத்துடலாம். இருந்தா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுங்கோ."

வாட்ச்மேன் தங்கவேலும் அவர் மனைவி தேவானையும் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தவர்கள். அரசாங்கம் அந்த வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஒன்று கொடுத்தது. மகள் அன்புச்செல்வி இங்கே பிளஸ் டூ படிக்கிறாள் என்பதற்காக அதைப் பூட்டிவிட்டு, எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்த ஒற்றை அறையில் கிடக்கிறார்கள். அதுவும் போனால் அந்தப் பெண்ணின் படிப்பு என்ன ஆகும் என்று என் வீட்டுக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடினார். படியிறங்கும்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

தங்கவேல் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தேவானை மட்டும் இருந்தாள். "இன்னா சார், எல்லாரும் வந்துகீறீங்க?"

ஷண்முகப்ரியா விஷயத்தைச் சொன்னாள். தேவானை அவளைப் பார்க்கவே இல்லை, என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணுமில்லை தேவானை. சும்மா ஒரு செக்கிங்."

அவள் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். சோறு, கீரைக் குழம்பு, பாதி தீர்ந்த தோசை மாவு, மகளுக்கு எடுத்துவைத்திருந்த டிபன் டப்பா. ஷண்முகப்ரியா குனிந்து குனிந்து மோந்து பார்த்தாள். அடுத்தவள் சோற்றுப் பானைக்குள் மூக்கை விடுவதை நான் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"அப்ப மாடியில காயப் போட்டிருப்பா. வாங்கோ மாமா, மேல பாக்கலாம்."

தேவானை சட்டென்று எழுந்து வாசலை மறித்தாள். "மாடிக்கு வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"வேணாம்மா. உட்டுடுங்க."

"பாத்தேளா மாமா? இதுக்கு மேல என்ன வேணும்? இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்கோ."

அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. நான் முன்னால் வந்து நின்றேன்.

"கருவாடு எங்களோடது. என் மிக்ஸியில அரைச்சது. மாடியில சோளத்துக்கு நடுவுல டப்பாவுல இருக்கு."

"சாப்பிடறதுக்கு இல்லை, ஈ பிடிக்க" என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டே. இவ்வளவு நேரத்துக்கும் வந்த வார்த்தை அதுதான். ஷண்முகப்ரியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேவானையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

"மன்னிச்சுக்கோ தேவானை" என்றேன். "நேக்கு முன்னாடியே தெரியும். மேலயே சொல்லியிருக்கணும்."

"எனக்கும்தாம்மா தெரியும். மார்க்கெட்டுல அத்த வாங்கியாந்து சார் கையில குட்த்ததே நான்தானே. யாராண்டயும் சொல்லாதேன்னாரு. நான் சொல்லல."

இது அவர் என்னிடம் சொல்லாத பாதி. தேவானை அவர் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் சார்."

என்ன செய்வதென்று தெரியாமல் நான் குனிந்து, திறந்து கிடந்த சோற்றுப் பானையை மூடத் தட்டை எடுத்தேன். "வையிங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று என் கையிலிருந்து அதை வாங்கி அவளே மூடிக்கொண்டாள்.

சோளம் இப்போது இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. ஒரு குருத்துகூடக் காயவில்லை. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. லிஃப்ட் பக்கத்தில் தேவானை துடைப்பத்தோடு நின்றால், முழங்கால் வலியோடு படியேறிப் போய்விடுகிறார். அவர் பின்னாலேயே நானும்.