காலையில் வைத்த ஊசி

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. வண்டி நிறுத்த இடமில்லை என்றாலும் சிரிக்கிறார்கள், உன் பெண்ணுக்கு மருந்து பலிக்குமா தெரியாது என்றாலும் சிரிக்கிறார்கள். ஹார்லன் டாலுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மினியாபோலிஸ் ஆஸ்பத்திரி அறையில் அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மகள் ட்ரூடிக்குப் பிறவியிலேயே தோல் ஒட்டாத வியாதி. சட்டைத் தையல் உரசினாலே கொப்புளம். குத்தி நீரை வடிக்காவிட்டால் பரவிக்கொண்டே போகும். அவள் விரல்கள் ஒட்டிப்போய்விட்டதால், தினமும் காலையில் ஊசியும் கட்டும் அப்பன் வேலை.

இப்போது அவளை ஒரு சோதனையில் சேர்த்திருந்தார்கள். யாரோ ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை நரம்பில் ஏற்றுவார்களாம். பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணியாம். ட்ரூடிக்கும் இரண்டில் ஒன்று ஏறியாயிற்று; யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். பால் லாரி ஓட்டியே கிழவனானவருக்கு இது எந்த ஊர் நியாயம் என்று விளங்கவில்லை.

டாக்டர் ஹெஸ் கட்டைப் பிரித்துக் கொப்புளங்களை எண்ணினார். போன தடவையில் பாதிகூட இல்லை என்று அந்த டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

ட்ரூடி அப்பாவை முறைத்தாள். சோதனைக்கு வரும் நாளில் கொப்புளத்தில் ஊசி வைக்கக் கூடாது, எண்ணிக்கை தப்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். இன்று காலை அவள் அரைத்தூக்கத்தில் முனகவும், அவர் கை வழக்கம்போல வேலையைப் பார்த்துவிட்டது. தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், மூச்சு விடாதே என்று வண்டியிலேயே கெஞ்சியிருந்தாள்.

"டாக்டரம்மா, அத எழுதாதீங்க. காலைல நாந்தான் குத்தி விட்டேன்."

"வாய மூடுப்பா. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"பொய்ய எழுதிக்கிட்டா நாளைக்கு பலிக்காட்டியும் இன்னொருத்தன் பிள்ளைக்கும் இதையே ஏத்துவாங்க. அது பரவால்லயா உனக்கு?"

டாக்டரின் சிரிப்பு போயிற்று. யாருக்கோ போன் பண்ணப் போனார். ஹார்லன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். ட்ரூடி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

திரும்பி வந்த டாக்டர், இன்றைய கணக்கு செல்லாது, அடுத்த வாரம் ஊசி படாமல் வரவேண்டும், இன்னொரு தடவை இப்படி நடந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றார்.

ட்ரூடி மூச்சு விட்டாள். "அரிப்பு குறைஞ்சிருக்குப்பா. நெசமாவே. ராத்திரில தூங்குறேன்."

"உப்புத் தண்ணி ஏத்துனாலும் தூக்கம் வரும்" என்றார். வண்டியை வாசலுக்குக் கொண்டுவருகிறேன் என்று தொப்பியை எடுத்தார். நடையில் எதிர்ப்பட்ட நர்ஸ் சிரித்தாள். அவர் பதிலுக்குச் சிரிக்காமல், தூங்குகிறாளாம், பார்க்கலாம் என்று முனகிக்கொண்டே பனியில் இறங்கி நடந்தார்.