தேனீ வண்டி நின்ற தெரு

வண்டி ஓட்டுவது அவள். தேனீ வளர்ப்பது அவள் புருஷன். கல்யாணமான நாளிலிருந்து வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவனுக்குக் கை நடுங்கும். ஒரு தேனீ கொட்டினால் அவளுக்கு இரண்டு நாள் முகம் வீங்கிக் கிடக்கும். இருவரையும்விட அதிகம் உழைத்தது அவர்களுடைய இருபத்தெட்டு வருஷத்துப் பிக்கப் வண்டி.

அன்று பதினாறு தேனீப் பெட்டிகளை ஒரு சூரியகாந்தித் தோட்டத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும். பெட்டிகளின் வாசல்களைக் கம்பிவலையால் அடைத்து, விடியும் நேரத்தில் கிளம்பினார்கள். வெயில் ஏறுமுன் போய்த் திறந்துவிடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடு தாங்காமல் மெழுகு உருகி, பூச்சிகள் கூண்டோடு செத்துப்போகும்.

பாதி வழியில், ஓர் ஊருக்குள் போகும்போது, பின்னால் கயிறு தளர்ந்து பெட்டிகள் ஆடும் சத்தம் கேட்டது. வீடுகள் நெருக்கியடித்து நின்ற ஒரு தெருவில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். அவன் இறங்கிக் கயிற்றை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் சாவியைத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் முனகக்கூட இல்லை. டேஷ்போர்டில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கும் எரியவில்லை.

"பேட்டரி போயிடுச்சா?" என்றான் அவன்.

அவள் ஹாரனை அழுத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. முன்விளக்கும் பளிச்சென்று எரிந்தது. பேட்டரிமேல் குற்றமில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் முழுசாக இருந்தன. நடைப்பயிற்சிக்கு வந்த நான்கு பேர் சட்டைக்கையை மடித்துவிட்டுத் தள்ளினார்கள். தெருமுனை வரை உருண்ட வண்டி, அங்கேயும் பேச்சுமூச்சில்லாமல் நின்றது. பெட்டிகளுக்குள் இரைச்சல் கூடியிருந்தது. பின்னால் இருப்பது என்னவென்று அப்போதுதான் புரிந்துகொண்ட நால்வரும் வந்த வழியே வேகமாக நடந்தார்கள்.

வெயில் சுவரில் இறங்கத் தொடங்கியது. எதிர்வீட்டு ஜன்னலைப் படாரென்று மூடிய அம்மாள் ஒருத்தி, கொஞ்ச நேரம் கழித்துக் கதவை ஒரு சாண் திறந்தாள்.

"உள்ள இருக்கறது செத்துப்போயிடுமா?"

"ஆமாம்மா. சூடு ஏறினா தாங்காது."

"நான் கிட்ட வரமாட்டேன். குழாய் தரேன், தண்ணி அடிச்சுக்குங்க." தோட்டத்து ரப்பர் குழாயின் நுனியை வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கோணிகளை நனைத்துப் பெட்டிகளின் மேல் விரித்தான்.

அவள் இரண்டு மெக்கானிக் கடைகளுக்குப் போன் செய்தாள். ஒருவர் பத்து மணிக்குத்தான் திறப்பாராம். இன்னொருவர் தேனீ என்றதும் போனை வைத்துவிட்டார்.

"அக்கா வீடு இங்கிருந்து நாலு தெருதான்" என்றாள்.

அவன் குனிந்து கோணியைச் சரிசெய்தான். அக்காவின் புருஷர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாதத்துக்கு முன் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "பூச்சி மேய்க்கிறதெல்லாம் ஒரு பொழப்பா சகலை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர் அவர். இவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவந்தான். அதற்குப் பிறகு இருவருக்கும் முகம் கொடுத்த பேச்சில்லை.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் கேக்கறேன்" என்றாள். அக்கா வீட்டுக்குப் போன் போட்டாள்.

பத்து நிமிஷத்தில் மாமாவின் ஸ்கூட்டர் வந்தது. மழைக்கோட்டு, ஹெல்மெட், கையில் ரப்பர் உறை, பேண்ட்டின் மேல் இழுத்துவிட்ட காலுறை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பெட்டிகளை அடைத்தபோது வெளியே தங்கி, வண்டியோடு ஒட்டிவந்து கண்ணாடிமேல் உட்கார்ந்திருந்த நாலைந்து தேனீக்களைப் பார்த்ததும் மாமாவின் கால் தானாக இரண்டடி பின்னால் போனது. அவருக்குப் பூச்சி என்றால் இவ்வளவு பயம் என்று அவளுக்கே தெரியாது.

"என்னென்ன பாத்தே, சொல்லு" என்றார், அங்கிருந்தபடியே. சொன்னாள்.

"பாதி வேலையை நீயே முடிச்சிட்டே. தள்ளியும் பிடிக்கலேன்னா ஸ்டார்ட்டர் மட்டும் காரணமில்ல. சிவப்பு விளக்கும் இல்ல. சாவிக்குப் பின்னால இருக்கற சுவிட்சைத்தான் பாக்கணும்." எச்சில் விழுங்கினார். "கொட்டுமா?"

"கையை வீசாம இருந்தா கொட்டாது, சகலை" என்றான் அவன். பதினான்கு மாதத்தில் முதல் வார்த்தை.

ஹெல்மெட்டோடு ஸ்டியரிங்குக்கு அடியில் தலை நுழையவில்லை. கழற்றி வைத்துவிட்டு மல்லாந்து படுத்து, உடம்பைக் கோணிக்கொண்டு உள்ளே போனார். சோதனை விளக்கின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் மாட்டி, மறுமுனையால் சுவிட்சின் பின்னால் தடித்த கம்பியைத் தொட்டார். விளக்கு எரிந்தது.

"சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வருது. சாவியைத் திருப்பு."

திருப்பினாள். அடுத்த கம்பியைத் தொட்டார். எரியவில்லை.

"வர்றது வருது, வெளிய போகல." ஒரு துண்டுக் கம்பியால் இரண்டையும் இணைத்தார். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆளு இவன்தான். சுவிட்ச் செத்துப்போச்சு. அம்மா!"

கடைசி வார்த்தை தேனீ கொட்டியதற்கு. காது மடலில் நல்ல கொட்டு. ஆனால் பிடித்த கம்பியை அவர் விடவில்லை, கையையும் வீசவில்லை. கண்ணில் நீர் வழிய அப்படியே கிடந்தார். அவன் ஓடிவந்து மண்டியிட்டு, நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தான்.

"வெளிய வந்துடுங்க சகலை. போதும். வேற வழி பாத்துக்கலாம்."

"உன் பெட்டிக்கு நேரம் இருக்கா?"

நனைத்த கோணிகள் அதற்குள் காய்ந்திருந்ததை அவன் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பையை எடு" என்றார் மாமா.

சுவிட்சின் பின்மூடியைத் திறந்தபோது உள்ளே தகடு கருகி இரண்டாகப் பிளந்திருந்தது. கடை திறக்காமல் புதிது கிடைக்காது. பையிலிருந்து ஒரு சாதாரண சுவிட்சையும், லிஃப்ட்டிலிருந்து கழற்றிய அம்புக்குறி போட்ட பட்டன் ஒன்றையும் எடுத்தார். எஞ்சினுக்குச் சுவிட்ச், நடுவில் ஒரு ஃபியூஸ். ஸ்டார்ட்டருக்குப் பட்டன். பெரிய கரண்டைத் தாங்குவதற்கு வண்டியிலேயே தனி ரிலே இருந்ததால் பட்டனுக்கு ஆபத்தில்லை என்றார். டேப் சுற்றி முடிக்க இருபது நிமிஷம் ஆனது.

"இப்ப மேல போற அம்பை அமுக்கு."

அமுக்கினாள். எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து கைதட்டும் சத்தம் வந்தது.

"சாவி இனிமே ஸ்டியரிங் பூட்டைத் திறக்கத்தான். இறங்கும்போது சுவிட்சை அணைக்க மறக்காதே, பேட்டரி இறங்கிடும். திரும்பி வந்த உடனே புதுசு போட்டாகணும், இதுலயே காலத்தை ஓட்டிடாதே."

"மாமா..." என்று ஆரம்பித்தாள்.

"கிளம்பும்மா. எனக்கும் இங்க நிக்க ஆசையில்ல" என்றார். காது அதற்குள் வடையளவு வீங்கியிருந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து வாசல்களைத் திறந்தபோது, ஒரு பெட்டியில் தேனடைகள் சரிந்து பாதிப் பூச்சிகள் போயிருந்தன. மற்ற பதினைந்திலிருந்தும் தேனீக்கள் புகை போலக் கிளம்பி, மஞ்சள் பூக்களின் மேல் பரவின. அவன் வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியலையே."

"வந்து சேந்துட்டோம்னு சொல்லுங்க. போதும்."

போனை எடுத்தான். "சகலை, வந்து சேந்துட்டோம். பதினஞ்சு பெட்டி பொழச்சிடுச்சு. நீங்க இல்லேன்னா ஒண்ணும் மிஞ்சியிருக்காது." எழுந்து போய், இரைந்துகொண்டிருந்த பெட்டி ஒன்றின் பக்கத்தில் போனை நீட்டினான். "கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்று மாமாவின் குரல் அவள் நின்ற இடம் வரை வந்தது. "போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பா!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான்.